பிரஷ்யாவின் மாகாணங்கள் எட்டா, பத்தா, பன்னிரண்டா?

கேள்வி இதுதான்: இன்றைய ஜெர்மனி, போலந்து நிலங்களில் பரவியிருந்த பழைய பிரஷ்ய இராச்சியத்தில் மொத்தம் எத்தனை மாகாணங்கள் இருந்தன? ஒரு நூல் 10 என்கிறது, இன்னொன்று 8 என்கிறது, பழைய வரைபடம் ஒன்றில் எண்ணினால் 12 வருகிறது. எது சரி? எல்லைகள் ஏன் இப்படி மாறிக்கொண்டே இருந்தன?

மூன்று எண்ணுமே சரி. 1815இல் பத்து. 1829க்குப் பிறகு எட்டு. 1878 தொடங்கி முதல் உலகப் போர் முடியும்வரை பன்னிரண்டு. இடையில் ஒன்பது இருந்த காலமும் உண்டு, பதினொன்று இருந்த காலமும் உண்டு. ஆண்டைக் குறிப்பிடாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் நூலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

ஏன் மாறின என்பதுதான் சுவையான பகுதி. வெளி எல்லைகளைப் போர்கள் மாற்றின, அதில் வியப்பில்லை. ஆனால் உள் எல்லைகளில் பல, யார் எந்த நாற்காலியில் அமர்ந்திருந்தார், செலவை யார் ஏற்பது, எந்த மக்களுக்கு எவ்வளவு உரிமை தரலாம் என்ற கணக்குகளால் மாறியவை. அந்தக் கணக்குகளைப் பார்த்தால் எண்கள் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் 1815க்கு முந்தைய நிலை. 1701 ஜனவரி 18 அன்று கோனிக்ஸ்பெர்கில் முதலாம் ஃபிரெடெரிக் முடிசூட்டிக்கொண்டபோது அவர் கையில் இருந்தது தொடர்ச்சியான ஒரு நாடே அல்ல. கிழக்கே பால்டிக் கரையில் பிரஷ்யா, நடுவே பிராண்டன்பர்கும் மாக்டெபர்கும் பொமரேனியாவின் ஒரு பகுதியும், மேற்கே ரைன் ஆற்றங்கரையில் கிளேவ, இடையில் மிண்டன் போன்ற துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிப் பிரபுக்கள் சபை, தனி வழக்கம். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தவர் மன்னர் ஒருவர்தான். இந்த மனநிலை நெடுநாள் நீடித்தது. 1794இல் வந்த பெரும் சட்டத் தொகுப்பே ‘பிரஷ்ய நாடுகளுக்கான பொதுச் சட்டம்’ என்று பன்மையில்தான் பெயர் பெற்றது.

மாகாணம் என்ற சொல் 18ஆம் நூற்றாண்டிலும் புழங்கியது. ஆனால் அதற்கு ஒரே அச்சு இல்லை. 1723இல் முதலாம் ஃபிரெடெரிக் வில்லியம் பெர்லினில் பொது இயக்குநரகம் ஒன்றை அமைத்தார். அதன் கீழ் ஆங்காங்கே ‘போர் மற்றும் அரச நில அவைகள்’ வரி வசூலையும் படைக்கான செலவையும் கவனித்தன. அவர் மகன் இரண்டாம் ஃபிரெடெரிக் 1740இல் சைலீசியாவின் மீது படையெடுத்து அதை ஆஸ்திரியாவிடமிருந்து பறித்தபோது, அதை இந்த இயக்குநரகத்தின் கீழ் வைக்கவில்லை. பிரெஸ்லாவில் தனி அமைச்சர் ஒருவரை அமர்த்தி, நேராகத் தனக்கே பதில் சொல்லவைத்தார். புதிதாகப் பிடித்த நிலத்தை முதலில் தனியாக வைத்திரு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் அங்கேயே தெரிகிறது.

போலந்துப் பிரிவினைகளில் இந்தப் பழக்கம் உச்சத்தை எட்டியது. 1772இல் கிடைத்த நிலத்தின் பெரும்பகுதி மேற்குப் பிரஷ்யா ஆனது. அதனால் பழைய பிரஷ்யாவுக்குக் கிழக்குப் பிரஷ்யா என்று பெயர் வைக்க வேண்டிவந்தது. 1793இல் கிடைத்தது தெற்குப் பிரஷ்யா. 1795இல் கிடைத்தது புதிய கிழக்குப் பிரஷ்யா. அதோடு புதிய சைலீசியா என்றும் ஒரு துண்டு. வார்சா நகரமே பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் பிரஷ்ய நகரமாக இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெயர்களைப் பார்த்தாலே பெர்லினின் எண்ணம் புரியும்: திசை ஒன்றைச் சேர்த்துவிட்டால் போலந்து பிரஷ்யா ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். நெப்போலியன் 1806இல் பிரஷ்யப் படையை நொறுக்கி, 1807இல் டில்சிட் உடன்படிக்கையில் ஏறத்தாழ பாதி நாட்டை எடுத்துக்கொண்டபோது இந்தப் புதுப் பிரஷ்யாக்கள் எல்லாம் ஒரே வீச்சில் மறைந்தன.

தோல்விதான் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. அமைச்சர் ஷ்டைன் பிரபுவின் சீர்திருத்தங்களோடு 1808இல் ‘ஓபர்பிரெசிடென்ட்’ என்ற மாகாணத் தலைவர் பதவி உருவானது. பின்னர் அரசின் தலைமை அமைச்சரான ஹார்டன்பெர்க் 1810இல் அதை நீக்கினார். 1815இல் அவர் காலத்திலேயே அது திரும்பி வந்தது. மாகாண அதிகாரிகள் பற்றிய ஆணை வெளியான நாள் 1815 ஏப்ரல் 30. வியன்னா மாநாட்டின் இறுதி ஆவணம் ஜூன் 9 அன்றுதான் கையெழுத்தானது. வாட்டர்லூ போர் ஜூன் 18 அன்று. உலகம் எல்லையை உறுதி செய்வதற்கு முன்பே பெர்லின் தன் நாட்டைப் பத்தாக வகுத்துவிட்டது.

அந்தப் பத்து: கிழக்குப் பிரஷ்யா, மேற்குப் பிரஷ்யா, போசன், பொமரேனியா, சைலீசியா, பிராண்டன்பர்க், சாக்சனி, வெஸ்ட்ஃபாலியா, யூலிஷ்-கிளேவ-பெர்க், கீழ் ரைன். இவற்றில் ‘சாக்சனி’ என்பது பக்கத்திலிருந்த சாக்சனி இராச்சியம் அல்ல. அந்த இராச்சியம் நெப்போலியன் பக்கம் கடைசிவரை நின்றதற்குத் தண்டனையாக அதன் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் வெட்டி எடுக்கப்பட்டது. பிரஷ்ய மாகாணம் அந்த வெட்டிலிருந்தும் பழைய மாக்டெபர்க் நிலங்களிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் தைக்கப்பட்டது. ஒரே காலத்தில் சாக்சனி என்ற பெயரில் ஓர் இராச்சியமும் ஒரு மாகாணமும் அருகருகே இருந்தன. ஆவணங்களைத் தேடுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. வெட்டியெடுத்த நிலம் முழுவதும் அந்த மாகாணத்துக்கும் போகவில்லை: கீழ் லுசேஷியா பிராண்டன்பர்கோடும், கோர்லிட்ஸ் நகரைக் கொண்ட மேல் லுசேஷியாவின் ஒரு பாதி சைலீசியாவோடும் சேர்க்கப்பட்டன. கோர்லிட்ஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் ஊரும் இந்தச் சாக்சனி மாகாணத்தில்தான் இருந்தது: ஹாலே. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு அங்கே படித்தவர். அவர் அச்சடிப்பதற்கான தமிழ் எழுத்துகள் அங்கே வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தன. தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அங்குள்ள ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இருக்கின்றன. சீகன்பால்கு காலத்தில் ஹாலே பிரஷ்ய மன்னரின் மாக்டெபர்க் கோமகவுக்கு (டியூக் ஆட்சிப்பகுதிக்கு) உட்பட்டது. 1807இல் நெப்போலியனின் தம்பி ஆண்ட வெஸ்ட்ஃபாலியா இராச்சியத்துக்குப் போனது. 1815இல் பிரஷ்யாவின் சாக்சனி மாகாணம். 1944இல் ஹாலே-மெர்செபர்க் மாகாணம். போருக்குப் பின் சாக்சனி-அன்ஹால்ட், 1952இல் ஹாலே மாவட்டம், 1990இல் மறுபடி சாக்சனி-அன்ஹால்ட். இத்தனை முறை முகவரி மாறியும் சுவடிகள் ஊரை விட்டு நகரவில்லை.

நிர்வாகம் எப்படி இயங்கியது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாகாணம் என்றதும் இன்றைய மாநிலத்தைப் போல ஒன்றைக் கற்பனை செய்வது தவறு. மாகாணத்துக்குக் கீழே கோட்டங்கள். தொடக்கத்தில் இருபத்தைந்துக்கும் மேல். வரி, பள்ளி, காவல், சாலை எனத் தினசரி ஆட்சி முழுவதும் கோட்ட அலுவலகத்தில்தான் நடந்தது. கோட்டத்துக்குக் கீழே வட்டங்கள். அவற்றின் தலைவர் ‘லாண்ட்ராட்’. நம் மாவட்ட ஆட்சியரை நினைத்துக்கொள்ளலாம், ஒரு பெரிய வேறுபாட்டோடு: பழைய கிழக்கு மாகாணங்களில் லாண்ட்ராட் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவரல்ல, பெரும்பாலும் அதே வட்டத்தின் நிலப்பிரபு. இவர்களுக்கெல்லாம் மேலே ஓபர்பிரெசிடென்ட் மேற்பார்வையாளராக, பெர்லினின் கண்ணாக இருந்தார். 1825இல்தான் அவருடைய அதிகாரம் தெளிவாக வரையறுக்கப்பட்டது.

காகிதத்தில் மேற்பார்வையாளர்தான். ஆனால் ஆள் பலமானவராக இருந்தால் பதவியும் பலமாகிவிடும். வெஸ்ட்ஃபாலியாவில் லுட்விக் ஃபான் வின்கே தொடக்கம் முதல் 1844இல் இறக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். மன்ஸ்டர் ஆயர் நிலம், பாடர்போர்ன் ஆயர் நிலம், பழைய பிரஷ்ய மார்க், மிண்டன் எனக் கத்தோலிக்கமும் புராட்டஸ்டண்டும் கலந்த துண்டுகளை ‘வெஸ்ட்ஃபாலியர்’ என்ற ஓர் உணர்வுக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

இனி பத்து எப்படி எட்டானது என்பது. ரைன் ஆற்றங்கரையில் இரண்டு மாகாணங்கள் இருந்தன. யூலிஷ்-கிளேவ-பெர்க்குக்குத் தலைமையிடம் கொலோன். கீழ் ரைனுக்குக் கோப்ளென்ஸ். கொலோனில் இருந்த ஓபர்பிரெசிடென்ட் சோல்ம்ஸ்-லவுபாக் 1822இல் இறந்தார். அவருக்கு அடுத்தவரை நியமிப்பதற்குப் பதிலாக இரண்டையும் இணைத்து, கோப்ளென்ஸில் இருந்த இங்கெர்ஸ்லேபனிடமே கொடுத்துவிட்டார்கள். ரைன் மாகாணம் பிறந்தது இப்படித்தான். பெரிய நகரமான கொலோனுக்குத் தலைமையிடம் போய்விட்டதில் அங்குள்ளவர்களுக்கு மனக்குறை.

கிழக்கிலும் அதே கதை. கிழக்குப் பிரஷ்யாவின் தலைவர் அவர்ஸ்வால்ட் 1824இல் பதவியை விட்டதும், மேற்குப் பிரஷ்யாவின் தலைவராக டான்சிகில் இருந்த தியோடோர் ஃபான் ஷோனிடம் அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1829இல் இரண்டும் முறைப்படி ஒரே மாகாணம் ஆயின; பெயர் வெறும் ‘பிரஷ்யா’. ஆக, பிரஷ்ய இராச்சியத்துக்குள் பிரஷ்யா என்று ஒரு மாகாணம்! தலைமையிடம் கோனிக்ஸ்பெர்க். ஷோன் இருந்தவரை மேற்குப் பகுதிக்கு அவ்வளவு குறையில்லை. மரியன்பர்க் கோட்டையைப் புதுப்பிக்கும் பணியில் அவர் உயிராக இருந்தார். ஆனால் டான்சிக் நகரத்தார், வரிப்பணம் கோனிக்ஸ்பெர்க் பக்கமே செலவாகிறது என்று பல பத்தாண்டுகள் முறையிட்டார்கள். அந்த முறையீடு பலித்து 1878 ஏப்ரல் 1 அன்று மாகாணம் மறுபடி இரண்டாகப் பிரிந்தது. ஒரு நாற்காலி காலியானதால் சேர்ந்தது, கணக்கு ஒத்துவராததால் பிரிந்தது.

எட்டு என்ற எண் ஏன் பல நூல்களில் நிலைத்தது என்றால், 1848 புரட்சிக்கு முந்தைய அரசியல் முழுவதும் அந்த எட்டின் மேல்தான் ஓடியது. மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் 1815 மே மாதத்தில் நாடு முழுமைக்கும் மக்கள் பிரதிநிதித்துவம் தருவதாக வாக்களித்திருந்தார். தரவில்லை. அதற்குப் பதில் 1823இல் மாகாணத்துக்கு ஒரு சபை என்று கொடுத்தார். பெரும்பாலான மாகாணங்களில் நிலப்பிரபுக்கள் கையே அதில் ஓங்கியிருந்தது. ஒரு பெரிய சபை கூடினால் அரசமைப்புக் கேட்கும். எட்டுச் சிறிய சபைகள் கூடினால் சாலையும் பாலமும் கேட்கும். மாகாணத்தின் அரசியல் பயன் அன்று இதுதான் என்பது என் கருத்து. கடைசியில் அது பலிக்கவில்லை. கோனிக்ஸ்பெர்க் வரை செல்லும் கிழக்கு ரயில் பாதைக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. கடனுக்கு நாட்டுச் சபையின் ஒப்புதல் வேண்டும் என்று 1820ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. எனவே 1847 ஏப்ரலில் எட்டு மாகாண சபைகளையும் பெர்லினில் ஒன்றாகக் கூட்டினார் நான்காம் ஃபிரெடெரிக் வில்லியம். கூடியவர்கள், முறையாகக் கூடும் உரிமை முதலில், கடன் பிறகு என்றார்கள். அடுத்த ஆண்டு புரட்சி வந்தது.

போசன் இந்த வரிசையில் தனி. 1815இல் அது ‘போசன் பெருங்கோமகவு’ என்ற பெயரில், போலந்து மக்களுக்குச் சில உறுதிமொழிகளோடு வந்தது. மன்னர் குடும்பத்துப் பெண்ணை மணந்த போலந்துப் பிரபு அந்தோனி ராட்சிவில் அங்கே மன்னரின் பிரதிநிதியாக இருந்தார். நிர்வாகம் ஓபர்பிரெசிடென்ட் கையில். போலந்தின் ரஷ்யப் பகுதியில் 1830இல் எழுச்சி வெடித்ததும் ராட்சிவிலின் பதவி போனது. புதிய ஓபர்பிரெசிடென்டாக ஃப்ளோட்வெல் வந்து கெடுபிடியான ஜெர்மனியமயமாக்கலைத் தொடங்கினார். 1848 எழுச்சி அடக்கப்பட்ட பிறகு பெருங்கோமகவு என்ற பெயரும் வழக்கொழிந்து வெறும் மாகாணம் ஆனது. 1870களில் மற்றக் கிழக்கு மாகாணங்களுக்குத் தன்னாட்சி கொடுத்தபோது போசனை மட்டும் விட்டுவிட்டார்கள். காரணத்தை யாரும் மறைக்கவில்லை: அங்கே தேர்தல் வைத்தால் போலந்துக்காரர்கள் வெல்வார்கள்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கையான சேர்க்கை. தெற்கு ஜெர்மனியில், சிக்மாரிங்கன், ஹெஹிங்கன் என்ற இரண்டு குட்டி அரசுகளை பிரஷ்ய மன்னர்களின் ஹோஹென்சொல்லர்ன் குடும்பத்தின் இன்னொரு கிளையினர் ஆண்டுவந்தனர். 1848 புரட்சியில் அலுத்துப்போய், 1849இல் அவற்றைப் பெர்லின் உறவினருக்கே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். 1850 முதல் அது ‘ஹோஹென்சொல்லர்ன் நிலங்கள்’. மாகாணம் என்ற பெயர் இல்லை. ஆனால் எந்த மாகாணத்துக்குள்ளும் இல்லை. சில துறைகளில் மட்டும் தொலைவிலுள்ள கோப்ளென்ஸ் மேற்பார்வை. சிலர் இதையும் ஒன்றாக எண்ணுவதால் மொத்தத்தில் ஒன்று கூடிவிடும். 1910 மக்கள்தொகைக் கணக்கில் ரைன் மாகாணத்தில் 71 லட்சம் பேர். ஹோஹென்சொல்லர்னில் 71 ஆயிரம் பேர். நூற்றில் ஒரு பங்கு.

1866 எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அதுவரை பிரஷ்யா இரண்டு துண்டாக இருந்தது: கிழக்கே பெரிய உடல், மேற்கே ரைனும் வெஸ்ட்ஃபாலியாவும், நடுவில் ஹனோவர், ஹெஸ்ஸே-காசல், பிரன்ஸ்விக். ஆஸ்திரியாவை வென்ற கையோடு பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் ஹனோவர் இராச்சியத்தையும் ஹெஸ்ஸே-காசலையும் நாசாவ் கோமகவையும் ஃபிராங்க்ஃபர்ட் சுதந்திர நகரத்தையும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டீனையும் விழுங்கினார். ஃபிராங்க்ஃபர்ட்டின் நிலைதான் பரிதாபம். பிரஷ்யத் தளபதி 2.5 கோடி குல்டன் தண்டம் கேட்டார்; மேயர் கார்ல் ஃபெல்னர் 1866 ஜூலை 24 அன்று தற்கொலை செய்துகொண்டார். பேரரசர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த நகரம், அதன் பிறகு நீரூற்றுக் குளியலுக்குப் பெயர்பெற்ற வீஸ்பாடனைத் தலைமையாகக் கொண்ட ஒரு கோட்டத்தின் கீழ் அடங்கியது.

புதிய மாகாணங்கள் மூன்று: ஹனோவர், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டீன், ஹெஸ்ஸே-நாசாவ். எட்டோடு மூன்று பதினொன்று. 1878 பிரிவினையோடு பன்னிரண்டு. ஹெஸ்ஸே-நாசாவ் பெயரளவில்தான் ஒன்று. காசலும் வீஸ்பாடனும் தங்கள் தங்கள் சபைகளோடு இரு வேறு உலகங்களாகவே நடந்துகொண்டன. ஹனோவரில் பழைய கோட்ட அமைப்பையே 1885 வரை தொடர விட்டார்கள்.

ஹனோவர் சேர்ந்ததில் ஒரு பழைய கடனும் தீர்ந்தது. கிழக்கு ஃப்ரிசியா 1744 முதல் பிரஷ்யாவிடம் இருந்தது, நெப்போலியனிடம் இழந்தார்கள், 1815இல் அது ஹனோவருக்குப் போனது. பதிலுக்கு ஹனோவரிடமிருந்து லவுன்பர்கை வாங்கி, அதை டென்மார்க்கிடம் கொடுத்து, சுவீடனின் கையிலிருந்து டென்மார்க் வசம் வரவிருந்த பொமரேனியத் துண்டைப் பெற்றது பிரஷ்யா. அதுவே ஷ்ட்ரால்சுண்ட் கோட்டம். லவுன்பர்கை 1865இல் ஆஸ்திரியாவுக்குப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. 1866இல் ஹனோவரோடு கிழக்கு ஃப்ரிசியாவும் வந்தது. மாற்றிக்கொண்ட மூன்றும் ஐம்பது ஆண்டுகளில் ஒரே கையில்.

ஹனோவர் மக்களைச் சமாதானப்படுத்த 1868இல் ஆண்டுக்கு 5 லட்சம் தாலர் கொண்ட மாகாண நிதி ஒன்று ஒதுக்கப்பட்டது. தோற்ற நாட்டுக்கு இவ்வளவா, எங்களுக்கு இல்லையா என்று பழைய மாகாணத்துப் பழமைவாதிகள் பிஸ்மார்க்கிடம் சண்டைக்கே போனார்கள். அந்தச் சண்டையிலிருந்துதான் பின்னால் எல்லா மாகாணங்களுக்கும் நிதி ஒதுக்கும் வழக்கமும், 1875 ஜூன் 29 தேதியிட்ட மாகாணச் சட்டமும் வந்தன. அதற்குப் பிறகு மாகாணத்துக்கு இரண்டு தலைகள்: அரசின் சார்பில் ஓபர்பிரெசிடென்ட், மாகாண சபை தேர்ந்தெடுக்கும் இயக்குநர் ஒருவர். சாலைகள், மனநல மருத்துவமனைகள், காது கேளாதோர் பள்ளிகள், ஏழைகள் பராமரிப்பு எல்லாம் இரண்டாமவர் பொறுப்பு. இந்த இரண்டாவது தலைதான் நீண்ட ஆயுள் பெற்றது.

பெர்லின் 1881இல் பிராண்டன்பர்க் மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆனாலும் பொட்ஸ்டாமில் இருந்த பிராண்டன்பர்க் ஓபர்பிரெசிடென்டே பெர்லினுக்கும் மேற்பார்வையாளராகத் தொடர்ந்தார். எனவே அதை மாகாணமாக எண்ணுவதா வேண்டாமா என்பது எண்ணுபவர் விருப்பம். 1920 அக்டோபர் 1 அன்று சுற்றியிருந்த 7 நகரங்களும் 59 ஊர்களும் 27 பண்ணை நிலங்களும் சேர்ந்து ‘பெரும் பெர்லின்’ உருவானது. 66 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 878 சதுர கிலோமீட்டர் ஆனது. மக்கள்தொகை ஏறத்தாழ 38 லட்சம்.

இராச்சியம் 1918 நவம்பரில் முடிந்தது. ஆனால் மாகாணங்களின் கதை முடியவில்லை, இன்னும் சிக்கலானது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் உடன்படிக்கை போசனின் பெரும்பகுதியையும் மேற்குப் பிரஷ்யாவின் பெரும்பகுதியையும் போலந்துக்குக் கொடுத்தது. டான்சிக் தனி நகர அரசு. மிஞ்சிய துண்டுகளை அருகிலுள்ள மாகாணங்களோடு சேர்த்திருக்கலாம். சேர்த்தால் இழப்பை ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதனால் போலந்து எல்லையோரம் ஒன்றுக்கொன்று தொடாத மூன்று கீற்றுகளைக் கொண்டு, ‘எல்லைநிலம் போசன்-மேற்குப் பிரஷ்யா’ என்று 1922இல் ஒரு மாகாணம் செய்தார்கள். தலைமையிடம் ஷ்னைடமுல், இன்றைய பிவா. பரப்பு சுமார் 7,700 சதுர கிலோமீட்டர். இழந்த பெயர்களை உயிரோடு வைத்திருப்பதற்காகவே ஒரு நிர்வாக அலகு. 1938இல் நாஜிகளே அதைக் கலைத்து மூன்று அண்டை மாகாணங்களுக்குப் பங்கிட்டார்கள்.

மேல் சைலீசியா இன்னொரு வகை. அங்கே மக்கள் வாக்கெடுப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், போலந்து பேசும் கத்தோலிக்கர்களைப் பெர்லினின் பக்கம் இழுக்க 1919 அக்டோபரில் அதைத் தனி மாகாணம் ஆக்கினார்கள், தலைமையிடம் ஓப்பெல்ன். 1921 மார்ச் 20 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஜெர்மனிக்கு. ஆனாலும் நிலக்கரி வளம் மிக்க கிழக்குப் பகுதி 1922இல் போலந்துக்குப் போனது. மிஞ்சிய பகுதி பிரஷ்யாவிலிருந்து பிரிந்து தனி மாநிலம் ஆக வேண்டுமா என்று அதே ஆண்டு செப்டம்பரில் கேட்டபோது, வேண்டாம் என்று பெரும்பான்மையினர் வாக்களித்தார்கள். பிறகு 1938இல் சைலீசியா மறுபடி ஒன்றானது. 1941இல் மறுபடி இரண்டானது.

வைமர் குடியரசுக் காலத்தில், அதாவது நாஜிகளுக்கு முன் 1933 வரை, மாகாணங்களுக்கு முன்பு இல்லாத எடை கிடைத்தது. நாட்டின் மேலவையில் பிரஷ்யாவுக்குரிய வாக்குகளில் பாதியை மாகாணங்களே அளிக்கலாம் என்றது 1919 அரசமைப்பு. மாகாணங்களின் பிரதிநிதிகள் அடங்கிய பிரஷ்ய அரசுப் பேரவைக்கு 1921 முதல் 1933 வரை தலைவராக இருந்தவர் கொலோன் மேயர் கோன்ராட் அடினாவர். பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமர்.

நாஜி காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1932 ஜூலை 20 அன்றே பிரதமர் பாப்பன் பிரஷ்ய அரசைக் கவிழ்த்திருந்தார். 1933க்குப் பின் கட்சியின் வட்டாரத் தலைவர்களே பல இடங்களில் ஓபர்பிரெசிடென்ட் ஆனார்கள். கிழக்குப் பிரஷ்யாவின் எரிக் கோஹ் அதற்குக் கொடூரமான சான்று. 1937இல் ஆல்டோனாவும் ஹார்பர்கும் ஹாம்பர்குக்குப் போக, 1226 முதல் சுதந்திர நகரமாயிருந்த லூபெக் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டீன் மாகாணத்துக்குள் வந்தது. 1944இல் சாக்சனியையும் ஹெஸ்ஸே-நாசாவையும் கட்சி எல்லைகளுக்கு ஏற்ப இரண்டிரண்டாக வெட்டினார்கள்.

போருக்குப் பின் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் தங்கள் பகுதியிலிருந்த பிரஷ்ய மாகாணங்களை 1946 ஆகஸ்ட் 23 தேதியிட்ட 46ஆம் எண் ஆணையால் கலைத்து மாநிலங்கள் ஆக்கினார்கள். நேச நாடுகளின் கட்டுப்பாட்டு அவை பிரஷ்யா என்ற அரசையே ஒழித்தது 1947 பிப்ரவரி 25 அன்று. அந்தச் சட்டத்தின் எண்ணும் 46. தற்செயல்தான், ஆனால் பல கட்டுரைகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அரசு ஒழிந்தது, மாகாணங்கள் பல வேறு உடையில் தொடர்ந்தன. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டீன் ஏறத்தாழ அப்படியே மாநிலம் ஆனது. ஹனோவர் மாகாணம் கீழ் சாக்சனியின் முதுகெலும்பு. ரைன் மாகாணத்தின் வடபாதியும் வெஸ்ட்ஃபாலியாவும் சேர்ந்து ஒரு மாநிலம். ஆனால் அந்த மாநிலத்துக்குள் 1953 முதல் இரண்டு வட்டாரக் கூட்டமைப்புகள், ஒன்று கொலோனில், மற்றொன்று மன்ஸ்டரில். மனநல மருத்துவமனைகளையும் சிறப்புப் பள்ளிகளையும் இன்றும் அவையே நடத்துகின்றன. 1875 சட்டம் உருவாக்கிய அந்த இரண்டாவது தலையின் வாரிசுகள் இவை.

ஆவணம் தேடுபவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு: மாகாணப் பெயரை மட்டும் நம்பாமல் கோட்டத்தையும் வட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘பிரஷ்யா மாகாணம்’ என்று ஒரு தாளில் இருந்தால் அது பெரும்பாலும் 1829க்கும் 1878க்கும் இடைப்பட்டது. ‘சாக்சனி’ என்று இருந்தால் மாக்டெபர்க், மெர்செபர்க், எர்ஃபர்ட் என்ற கோட்டப் பெயர்களில் ஒன்று கூட இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மாகாணம், இல்லாவிட்டால் டிரெஸ்டன் பக்கத்து இராச்சியமாக இருக்கலாம். தேவாலயப் பதிவேடுகள் வேண்டுமென்றால் இன்றைய மாநில வரைபடத்தை ஒதுக்கிவிட்டுப் பழைய மாகாண வரைபடத்தை விரியுங்கள். வெட்ஸ்லார் நகரம் 1932 வரை ரைன் மாகாணத்தின் துண்டு நிலம்; இன்று ஹெஸ்ஸே மாநிலத்தில் இருக்கிறது, ஆனால் அதன் புராட்டஸ்டண்ட் சபைகள் இன்னமும் ரைன்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவை. கோர்லிட்ஸ் இன்று சாக்சனி மாநிலத்தின் நகரம். அங்குள்ள புராட்டஸ்டண்ட் சபைகளோ டிரெஸ்டனின் கீழ் இல்லை. பெர்லின்-பிராண்டன்பர்க்-சைலீசிய மேல் லுசேஷியா திருச்சபையின் கீழ் இருக்கின்றன.